அளவு மாற்ற அசைவூட்டம்

அளவு மாற்ற அசைவூட்டம் என்பது கணினித் திரையில் உள்ள ஒரு பொருளின் (படம், எழுத்துப்பெட்டி, பொத்தான், வடிவம் முதலியன) அளவைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் படிப்படியாகக் கூட்டியோ குறைத்தோ காட்டும் அசைவூட்ட முறை ஆகும். மின்-கற்றல் பாடங்களை உருவாக்கும் மென்பொருள்களில் உள்ள அடிப்படை வசதிகளுள் இதுவும் ஒன்று. மைக்ரோசாஃப்ட் பவர்பாயின்ட், அடோபி கேப்டிவேட், ஆர்ட்டிகுலேட் ஸ்டோரிலைன் முதலிய மென்பொருள்களிலும், உலாவியில் நேரடியாக இயங்கும் வலைப் பாடங்களிலும் இது வெவ்வேறு வடிவங்களில் காணப்படுகின்றது.

திரையில் ஒரு பொருள் பெரிதாவதைக் காணும் மாணவர் அதை மூன்று வகையாகப் புரிந்துகொள்ளக்கூடும். "இதைக் கவனிக்க வேண்டும்" என்பது ஒன்று. "இதை நெருங்கிச் சென்று பார்க்கிறோம்" என்பது மற்றொன்று. "இதன் மதிப்பு உண்மையிலேயே கூடியுள்ளது" என்பது மூன்றாவது. மென்பொருளைப் பொறுத்தவரை இம்மூன்றும் ஒரே கட்டளைதான். எந்தக் கருத்தில் அளவு மாறுகின்றது என்பதைப் பாடத்தை வடிவமைப்பவரே முடிவு செய்ய வேண்டும். அவ்வாறு முடிவு செய்யாமல் அழகுக்காக மட்டும் சேர்க்கப்படும் அளவு மாற்றம், தவறான செய்தியைக் கற்பித்துவிடக்கூடும்.

அடிப்படைக் கூறுகள்

எந்த மென்பொருளாயினும், அளவு மாற்ற அசைவூட்டம் ஒன்றை வரையறுக்கப் பின்வரும் ஐந்து கூறுகள் தேவைப்படுகின்றன.

1. தொடக்க அளவும் இறுதி அளவும்: இவை பெரும்பாலும் நூற்றுவீதத்தில் தரப்படுகின்றன. 100% என்பது பொருளின் இயல்பான அளவு.
2. திசை: கிடையாக மட்டும், செங்குத்தாக மட்டும், அல்லது இரு திசைகளிலும் சம விகிதத்தில்.
3. கால அளவு: மாற்றம் நிகழ எடுத்துக்கொள்ளும் நேரம்.
4. நிலைப்புள்ளி: அளவு மாறும்போது இடம் பெயராமல் இருக்கும் புள்ளி.
5. வேக மாற்றம்: மாற்றம் ஒரே சீராக நிகழ்கின்றதா, மெதுவாகத் தொடங்கி விரைவாகின்றதா என்பது. இது ஆங்கில வழக்கில் ஈசிங் எனப்படுகின்றது.

இவற்றுள் புதியவர்கள் கவனிக்கத் தவறுவது நிலைப்புள்ளி ஆகும். எடுத்துக்காட்டாக, 100 படப்புள்ளி அகலமும் 80 படப்புள்ளி உயரமும் கொண்ட ஒரு படம், அதன் இடது மேல் மூலை (200, 100) என்னும் இடத்தில் இருக்குமாறு வைக்கப்பட்டுள்ளது எனக் கொள்வோம். இதை 150% ஆகப் பெரிதாக்கினால் அதன் புதிய அளவு 150 × 120 ஆகும். நிலைப்புள்ளி இடது மேல் மூலையாக இருப்பின் படம் வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் மட்டுமே வளரும். நிலைப்புள்ளி படத்தின் மையமாக, அதாவது (250, 140) ஆக இருப்பின், இடது மேல் மூலை (175, 80) என்னும் இடத்துக்கு நகரும். மூலையை நிலைப்புள்ளியாகக் கொண்ட அசைவு, காண்பவருக்குப் பொருள் நழுவிச் செல்வது போலத் தோன்றும். மையத்தைக் கொண்ட அசைவு, பொருள் தம்மை நோக்கி வருவது போலத் தோன்றும். வரைபடத்தில் உள்ள ஒரு பட்டை உயர்வதைக் காட்ட வேண்டுமாயின் நிலைப்புள்ளி அதன் அடிக்கோட்டில் இருத்தல் வேண்டும். இல்லையேல் பட்டை அச்சுக்குக் கீழேயும் வளரும்.

வேக மாற்றம்

ஒரு வினாடியில் 100% இலிருந்து 150% ஆக வளரும் பொருளைக் கருதுவோம். சீரான வேகத்தில் வளர்ந்தால் அரை வினாடியில் அதன் அளவு 125% ஆக இருக்கும். கடந்த நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்ந்தால், அதாவது மெதுவாகத் தொடங்கினால், அரை வினாடியில் 112.5% மட்டுமே இருக்கும். இதற்கு மாறாக விரைவாகத் தொடங்கி மெதுவாக முடிந்தால் 137.5% ஆக இருக்கும். தொடக்கமும் முடிவும் மூன்றிலும் ஒன்றே. ஆயினும் காண்பவர் பெறும் உணர்வு வேறுபடுகின்றது.

பெரிய அளவிலான உருப்பெருக்கத்தில் சீரான வேகம் சீராகத் தோன்றுவதில்லை. ஒரு படம் 4 வினாடிகளில் 16 மடங்காகப் பெரிதாவதாகக் கொண்டால், சீரான முறையில் ஒவ்வொரு வினாடியின் முடிவிலும் அதன் அளவு 4.75, 8.5, 12.25, 16 மடங்காக இருக்கும். முதல் வினாடியில் படம் 4.75 மடங்காகப் பாய்கின்றது. கடைசி வினாடியில் 1.3 மடங்கே கூடுகின்றது. ஆகவே தொடக்கம் திடீரெனவும் முடிவு இழுவையாகவும் தோன்றும். இதற்குப் பதிலாக ஒவ்வொரு வினாடியிலும் அளவு இரு மடங்காகுமாறு, அதாவது 2, 4, 8, 16 என அமைத்தால் நகர்வு சீராகத் தோன்றும். செல், அணு, விண்மீன் கூட்டம் போன்றவற்றை நோக்கிச் செல்லும் அறிவியல் பாடங்களில் இம்முறையே பொருத்தமானது.

வரலாறு

கையால் வரையப்பட்ட அசைவூட்டப் படங்களில் முதன்மை ஓவியர் ஓர் அசைவின் முக்கிய நிலைகளை வரைவார். இடைப்பட்ட நிலைகளை உதவி ஓவியர்கள் வரைவர். கணினியில் முதன்மை நிலைகள் கீஃப்ரேம் என்றும், இடைப்பட்ட நிலைகளைக் கணினி தானே கணித்து நிரப்புவது ட்வீன் என்றும் பெயர் பெற்றன. டிஸ்னி நிறுவன ஓவியர்களான ஃபிராங்க் தாமசும் ஆலி ஜான்ஸ்டனும் 1981 இல் வெளியிட்ட நூலில் அசைவூட்டத்தின் 12 கொள்கைகளைத் தொகுத்தனர். மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடிதல் அவற்றுள் ஒன்று. இக்கொள்கைகளைக் கணினி அசைவூட்டத்துக்குப் பொருத்தி ஜான் லாசெட்டர் 1987 இல் ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினார்.

1996 இல் ஃபியூச்சர்ஸ்பிளாஷ் என்னும் பெயரில் வெளிவந்த மென்பொருளை மேக்ரோமீடியா நிறுவனம் வாங்கி ஃபிளாஷ் எனப் பெயரிட்டது. இதன் வழியாக அளவு மாற்ற அசைவூட்டம் வலைப்பக்கங்களில் பரவியது. 2000களின் தொடக்கத்தில் ராபர்ட் பென்னர் ஃபிளாஷுக்காக எழுதிய வேக மாற்றச் சார்புகள், பின்னர் வேறு பல நிரல் தொகுப்புகளிலும் எடுத்தாளப்பட்டன.

அலுவலக மென்பொருள்களில் பவர்பாயின்ட் 2002 ஒரு திருப்பமாக அமைந்தது. அதற்கு முந்தைய பதிப்புகளில் பொருள்கள் திரைக்குள் நுழைவதற்கான அசைவுகளே முதன்மையாக இருந்தன. 2002 ஆம் ஆண்டுப் பதிப்பில் வலியுறுத்தல், வெளியேற்றம், நகர்வுப் பாதை ஆகிய வகைகள் சேர்க்கப்பட்டன. வலியுறுத்தல் வகையில் அளவைக் கூட்டிக் குறைக்கும் விளைவு இடம்பெற்றது.

திரைப்பதிவு வழியாகப் பாடம் தயாரிக்கும் ரோபோடெமோ என்னும் மென்பொருளை வெளியிட்ட ஈஹெல்ப் நிறுவனத்தை மேக்ரோமீடியா 2003 இல் வாங்கியது. அம்மென்பொருள் 2004 இல் கேப்டிவேட் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 2005 இல் மேக்ரோமீடியாவை அடோபி வாங்கியது. ஆர்ட்டிகுலேட் ஸ்டோரிலைன் 2012 இல் வெளிவந்தது. 2014 இல் வெளியான அதன் இரண்டாம் பதிப்பில் நகர்வுப் பாதைகள் சேர்க்கப்பட்டன.

ஃபிளாஷ் இயக்கிக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31 அன்று நிறுத்தியது. இதனால் ஃபிளாஷ் வடிவில் மட்டும் வெளியிடப்பட்டிருந்த பாடங்கள் உலாவிகளில் இயங்காமற் போயின. இன்றைய பாடங்கள் எச்டிஎம்எல்5, சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றின் வழியாக இயங்குகின்றன.

மென்பொருள்களில் செய்முறை

பவர்பாயின்ட்: வலியுறுத்தல் விளைவுகளுள் உள்ள அளவு மாற்ற விளைவைத் தேர்ந்தெடுத்தால் பொருள் இயல்பாக 150% ஆகப் பெரிதாகும். விளைவின் அமைப்புகளில் இந்த நூற்றுவீதத்தை மாற்றலாம். கிடையாக, செங்குத்தாக, இரு திசையாக எனத் தேர்வு செய்யலாம். தொடக்கத்தையும் முடிவையும் மென்மையாக்கலாம். பெரிதான பொருளை மீண்டும் பழைய அளவுக்குத் தானாகவே திரும்பச் செய்யலாம். 2015 இன் இறுதியில் ஆஃபிஸ் 365 பயனர்களுக்கு அறிமுகமான மார்ஃப் என்னும் படவில்லை மாற்றம் வேறொரு வழியைத் தந்தது. ஒரே பொருளை அடுத்தடுத்த இரு படவில்லைகளில் வெவ்வேறு அளவில் வைத்தால் போதும்; இடைப்பட்ட அசைவை மென்பொருளே கணித்துக்கொள்ளும்.

ஸ்டோரிலைன்: பொருள் வளர்ந்தபடி திரைக்குள் நுழைவதற்கும் சுருங்கியபடி வெளியேறுவதற்கும் அசைவுகள் உள்ளன. ஒரு பொருளுக்குப் பல நிலைகளை வரையறுத்து, சுட்டி அதன்மேல் வரும்போது பெரிய அளவிலான நிலையைக் காட்டச் செய்யும் முறையும் பரவலானது. ஆனால் நிலை மாற்றம் இயல்பில் ஒரே கணத்தில் நிகழ்வது. படிப்படியான அசைவு அன்று. ஆதலால் பாட வடிவமைப்பாளர்கள் புதிய நிலைக்குள் தனியாக ஒரு நுழைவு அசைவைச் சேர்த்தோ, அதே பொருளின் பெரிய படியை இன்னோர் அடுக்கில் வைத்தோ படிப்படியான தோற்றத்தைப் பெற்றனர். திரையின் ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கிக் காட்டும் உருப்பெருக்கப் பகுதி என்னும் வசதியும் இதில் உண்டு.

கேப்டிவேட்: மென்பொருள் பயிற்சிப் பாடங்களில் திரைப்பதிவின் ஒரு சிறு பொத்தானையோ பட்டியலையோ பெரிதாக்கிக் காட்டும் வசதி நெடுங்காலம் பயன்பட்டுள்ளது. இதில் மூலப் பகுதி, பெரிதான படம் தோன்றும் இடம் ஆகிய இரண்டும் தனித்தனியே வரையறுக்கப்படுகின்றன.

வலைப் பாடங்கள்: சிஎஸ்எஸ் மொழியில் அளவை மாற்ற இரு வழிகள் உள்ளன. அகலம், உயரம் ஆகிய பண்புகளை மாற்றுவது ஒன்று. உருமாற்றப் பண்பின் ஸ்கேல் என்னும் சார்பைப் பயன்படுத்துவது மற்றொன்று. முதல் முறையில் ஒவ்வொரு சட்டகத்திலும் உலாவி பக்கத்தின் அமைப்பை மீண்டும் கணிக்க வேண்டியுள்ளது. அருகிலுள்ள பொருள்களும் இடம் பெயரலாம். இரண்டாம் முறையில் பக்க அமைப்பு மாறுவதில்லை. ஏற்கெனவே வரையப்பட்ட உருவை வரைகலைச் செயலி பெரிதாக்கிக் காட்டுகின்றது. வினாடிக்கு 60 சட்டகங்கள் காட்டப்பட வேண்டுமாயின் ஒரு சட்டகத்துக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 16.7 மில்லிவினாடி மட்டுமே. திறன் குறைந்த கைப்பேசிகளில் முதல் முறை தடங்கித் தடங்கி இயங்குவதற்கு இதுவே காரணம்.

படத்தின் தரம்

புகைப்படம் போன்றவை படப்புள்ளிகளால் ஆனவை. 400 படப்புள்ளி அகலமுள்ள படத்தை 200% ஆகப் பெரிதாக்கினால் 800 படப்புள்ளிகளுக்கான இடத்தை 400 படப்புள்ளிகளின் தகவலைக் கொண்டே நிரப்ப வேண்டியுள்ளது. இதனால் படம் மங்கலாகத் தோன்றும். இதைத் தவிர்க்க, படத்தை அதன் இறுதி அளவுக்குத் தேவையான படப்புள்ளிகளுடன் உருவாக்கிச் சிறிய அளவிலிருந்து அசைவைத் தொடங்குவது வழக்கம். அதாவது 100% இலிருந்து 200% ஆக்குவதற்குப் பதிலாக, 50% இலிருந்து 100% ஆக்குவது. எஸ்விஜி போன்ற திசையன் வரைகலைப் படங்கள் கணித வரையறைகளால் ஆனவை என்பதால் எந்த அளவிலும் தெளிவாக இருக்கும்.

எழுத்துகளின் அளவு மாற்றம்

எழுத்துப்பெட்டியின் எழுத்தளவை மட்டும் கூட்டினால் வரிகள் மடங்கும் இடங்கள் மாறும். நீண்ட சொற்களைக் கொண்ட தமிழில் இச்சிக்கல் கூடுதலாக வெளிப்படும். படித்துக்கொண்டிருக்கும் சொல் திடீரென அடுத்த வரிக்குச் சென்றுவிடும். பெட்டி முழுவதையும் ஓர் உருவாகப் பெரிதாக்கினால் வரி அமைப்பு மாறாது.

எழுத்து எழுத்தாகப் பெரிதாக்கும் விளைவுகளில் தமிழுக்கு மற்றுமொரு சிக்கல் உண்டு. ஒருங்குறியில் "கொ" என்பது "க" என்னும் குறியீட்டையும் ஒகர உயிர்க்குறியையும் தொடர்ந்து இட்டு எழுதப்படுகின்றது. திரையில் அவ்வுயிர்க்குறி ககரத்தின் இருபுறமும் தோன்றுகின்றது. ஒவ்வொரு குறியீட்டையும் தனி எழுத்தாகக் கருதும் மென்பொருள் இவற்றைப் பிரித்துவிடும். அப்போது உயிர்க்குறி புள்ளி வட்டத்துடன் தனியே தோன்றும். ஆகவே தமிழ்ப் பாடங்களில் இவ்விளைவைச் சொல் முழுவதற்கும் சேர்த்தே அமைத்தல் நன்று.

அளவும் மதிப்பும்

புள்ளிவிவரங்களைக் காட்டும் பாடங்களில் அளவு மாற்றம் ஒரு கணிதக் கூற்றாகிவிடுகின்றது. ஓர் ஊரின் மக்கள்தொகை இரு மடங்கானதைக் காட்ட ஒரு வட்டத்தை 200% ஆகப் பெரிதாக்கும் வடிவமைப்பாளர், உண்மையில் அதன் பரப்பளவை 4 மடங்காக்குகின்றார். ஏனெனில் மென்பொருள் தரும் நூற்றுவீதம் நீளத்தைக் குறிப்பது, பரப்பளவை அன்று. கனவளவைக் குறிக்கும் உருண்டையாக அது வரையப்பட்டிருப்பின் காண்பவர் 8 மடங்காக எண்ணவும் இடமுண்டு. எண் சரியாக எழுதப்பட்டிருந்தாலும், மாணவரின் நினைவில் படம் தவறான விகிதத்தைப் பதித்துவிடக்கூடும்.

சரியான நூற்றுவீதம் கீழ்வருமாறு அமையும்.

- பட்டை வரைபடம்: மதிப்பு 2 மடங்காயின் செங்குத்தாக மட்டும் 200%.
- வட்டம், சதுரம் முதலிய பரப்புகள்: மதிப்பின் வர்க்கமூலம். 2 மடங்குக்கு ஏறத்தாழ 141%, 3 மடங்குக்கு 173%, 4 மடங்குக்கு 200%, பாதியாகக் குறைவதற்கு 71%.
- கனவுருவங்கள்: மதிப்பின் கனமூலம். 2 மடங்குக்கு ஏறத்தாழ 126%, 8 மடங்குக்கு 200%.

இடைநிலைகளிலும் இதே கவனம் தேவை. ஒரு சதுரம் குறிக்கும் மதிப்பு பத்து ஆண்டுகளில் சீராக 4 மடங்கானது எனில், ஐந்தாம் ஆண்டில் அது 2.5 மடங்காக இருக்க வேண்டும். பக்க அளவு 100% இலிருந்து 200% ஆகச் சீராக வளருமாறு விட்டுவிட்டால், பாதி நேரத்தில் பக்கம் 150% ஆகவும் பரப்பு 2.25 மடங்காகவும் இருக்கும். சரியான பக்க அளவு ஏறத்தாழ 158% ஆகும். அசைவை நடுவில் நிறுத்திப் பார்க்கும் மாணவருக்கு இவ்வேறுபாடு பிழையான தகவல் ஆகும். இத்தகைய காட்சிகளில் மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடியும் வேக மாற்றத்தையும் தவிர்ப்பது நன்று. இல்லாத வளர்ச்சி வேறுபாட்டை அது இருப்பதாகக் காட்டும்.

சுவீடனைச் சேர்ந்த ஹான்ஸ் ரோஸ்லிங் 2006 இல் டெட் மாநாட்டில் நிகழ்த்திய உரை இத்துறையில் பரவலாக அறியப்பட்டது. அதில் நாடுகள் வட்டங்களாகவும், வட்டங்களின் பரப்பளவு மக்கள்தொகையாகவும் காட்டப்பட்டன.

கற்றலில் விளைவு

பெரிதாகும் பொருள் கண்ணை ஈர்க்கும் என்பது ஆய்வு வழியாகவும் அறியப்பட்டுள்ளது. ஸ்டீவன் ஃபிராங்கோனெரியும் டேனியல் சைமன்சும் 2003 இல் வெளியிட்ட ஆய்வில், நம்மை நோக்கி வருவது போலப் பெரிதாகும் பொருள்கள் கவனத்தைத் தாமாகவே ஈர்த்தன. விலகிச் செல்வது போலச் சிறிதாகும் பொருள்கள் அவ்வாறு ஈர்க்கவில்லை. எனவே ஒரு பொருளைச் சிறிதாக்கி அதன்மீது கவனத்தைத் திருப்ப முயல்வது பயன் தராமற் போகலாம்.

கவனத்தை ஈர்ப்பதும் கற்பிப்பதும் ஒன்றல்ல. பார்பரா டிவெர்ஸ்கி, ஜூலி மாரிசன், மிரெய்ல் பெட்ரான்கூர் ஆகியோர் 2002 இல் எழுதிய கட்டுரை, அசையாப் படங்களைவிட அசைவூட்டம் சிறந்தது எனக் காட்டிய பல ஆய்வுகளில் ஒப்பீடு சமமாக அமையவில்லை எனச் சுட்டியது. அசைவு காண்பவர் புரிந்துகொள்ளும் வேகத்தில் இருத்தல் வேண்டும் என்றும், அது காட்டும் மாற்றம் கருத்தோடு பொருந்த வேண்டும் என்றும் அவர்கள் வலியுறுத்தினர். ரிச்சர்ட் மேயர் பல்லூடகக் கற்றலுக்கு வகுத்த கொள்கைகளுள், முக்கியமானதைச் சுட்டிக்காட்டுதல் கற்றலுக்கு உதவும் என்பதும், தொடர்பில்லாதவற்றைச் சேர்த்தல் கற்றலைக் கெடுக்கும் என்பதும் அடங்கும். ஒரே அளவு மாற்ற விளைவு, பயன்படும் இடத்தைப் பொறுத்து இவ்விரண்டில் எதுவாகவும் ஆகலாம்.

அணுகுதன்மை

உட்காதில் உள்ள சமநிலை உறுப்பில் கோளாறு உடையவர்களுக்குத் திரை முழுதும் பெரிதாகிச் சிறிதாகும் காட்சிகள் தலைச்சுற்றலையும் குமட்டலையும் ஏற்படுத்தக்கூடும். 2013 செப்டம்பரில் வெளியான ஆப்பிள் நிறுவனத்தின் ஐஓஎஸ் 7 இயக்குதளத்தில், செயலிகளைத் திறக்கும்போதும் மூடும்போதும் திரை பெரிதாகி வரும் அசைவு இருந்தது. இதனால் உடல்நலக் குறைவு ஏற்படுவதாகப் பயனர்கள் முறையிட்டனர். அடுத்த மாதம் வெளியான 7.0.3 பதிப்பில், அசைவைக் குறைக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அளவு மாற்றத்துக்குப் பதிலாக மெல்ல மறைந்து தோன்றும் மாற்றம் தரப்பட்டது.

வலை உள்ளடக்க அணுகுதன்மை வழிகாட்டுதல்களின்படி, தானாகத் தொடங்கி 5 வினாடிகளுக்கு மேல் பிற உள்ளடக்கத்துடன் சேர்ந்து ஓடும் அசைவை நிறுத்தவோ மறைக்கவோ பயனருக்கு வழி இருத்தல் வேண்டும். 2018 இல் வெளியான 2.1 பதிப்பு, பயனரின் செயலால் தூண்டப்படும் அசைவு இன்றியமையாதது அல்லாவிடின் அதை முடக்க இயலவேண்டும் என்னும் விதியை மிக உயர்ந்த தரநிலையில் சேர்த்தது. பயனர் தம் கணினியில் அசைவைக் குறைக்கும் அமைப்பைத் தேர்ந்துள்ளாரா என்பதை சிஎஸ்எஸ் வழியாக அறிந்து, அவருக்கு மட்டும் அசைவின்றி இறுதி அளவை நேரடியாகக் காட்டவும் முடியும்.

பொதுவான தவறுகள்

- பொத்தானைச் சுட்டி தொடும்போது பெரிதாக்கி, அருகிலுள்ள பொத்தானை மறைத்தல்.
- அகலத்தையும் உயரத்தையும் வேறுபட்ட விகிதத்தில் மாற்றிப் படத்தைச் சிதைத்தல்.
- ஒரே திரையில் பல பொருள்களை ஒருங்கே பெரிதாக்குதல். எதைக் கவனிப்பது என்பது மாணவருக்குத் தெரியாமற் போகும்.
- மாணவர் உரையைப் படித்துக்கொண்டிருக்கும்போது அருகில் முடிவின்றித் துடிக்கும் படத்தை வைத்தல்.
- பெரிதாக்கிக் காட்டிய பகுதி முழுப் படத்தில் எங்குள்ளது என்பதைக் காட்டாமல் விடுதல்.
- மதிப்பைக் குறிக்கும் வடிவத்தை அழகுக்காகவும் பெரிதாக்குதல். ஒரே பாடத்தில் அளவு இரு பொருள் தரும்போது மாணவர் இரண்டையும் நம்ப இயலாது.

இவற்றையும் பார்க்க

- அசைவூட்டம்
- மின்-கற்றல்
- திசையன் வரைகலை
- ஒருங்குறி